மரபணுப் பரிசோதனையும் இனமேம்பாட்டியலும் ஒன்றா?

கேள்வி: எனக்கு வயது 28. திருமணமாகி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இப்போது எட்டு வாரக் கர்ப்பம். என்னைவிட ஆறு வயது மூத்த என் அண்ணனுக்கு டவுன் சிண்ட்ரோம். குழந்தையாக இருந்தபோது மருத்துவர் முகத்தைப் பார்த்துச் சொன்னதுதான். குரோமோசோம் பரிசோதனை எதுவும் செய்ததில்லை. அண்ணனைப் பற்றி மறைக்காமல்தான் என் பெற்றோர் சம்பந்தம் பேசினார்கள். ஆனால் நான் உண்டாகியிருக்கும் செய்தி தெரிந்த நாளிலிருந்து என் மாமனாரின் அண்ணன், "வித்து சரியில்லாத குடும்பத்தில் பெண் எடுத்தால் இந்தக் கவலையெல்லாம் படத்தான் வேண்டும். எல்லா டெஸ்டும் எடுத்துப் பார்த்துவிடு" என்கிறார். கல்லூரியில் வரலாறு கற்பிக்கும் என் கணவரோ, "ஹிட்லர் செய்ததும் இதைத்தான். எந்த டெஸ்டும் வேண்டாம்" என்கிறார். நான் பரிசோதனை செய்துகொண்டால், என் அண்ணன் பிறந்திருக்கக் கூடாது என்று நானே சொல்வதாக ஆகிவிடுமா?
- ஒரு வாசகி, கரூர் மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

எட்டாவது வாரத்தில் இருக்கிறீர்கள் என்பதால் மருத்துவம் சார்ந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். பெரியவரின் 'வித்து'ப் பேச்சில் பெரும்பகுதிக்கு அதுவே பதிலாகவும் அமையும்.

டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களில் ஏறத்தாழ 95 சதவீதம் பேருக்கு 21ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதிலாகத் தனித்தனியே மூன்று இருக்கிறது. பெரும்பாலும் கருமுட்டை உருவாகும் கட்டத்தில் குரோமோசோம்கள் சரிவரப் பிரியாமல் போவதால் இது நேர்கிறது. குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக இறங்கிவரும் குறை அல்ல. உங்கள் அண்ணனுக்கு இருப்பது இந்த வகை என்றால், உங்கள் குழந்தைக்கு அது வருவதற்கான வாய்ப்பு உங்கள் வயதுள்ள எந்தப் பெண்ணுக்கும் உள்ளதுதான், அதாவது ஏறத்தாழ ஆயிரத்தில் ஒன்று. அந்தப் பெரியவருக்கு 28 வயதில் ஒரு மகள் இருந்தால் அவளுக்கும் இதே கணக்குதான்.

மூன்று, நான்கு சதவீதம் பேருக்கு மட்டும் 21ஆம் குரோமோசோமின் கூடுதல் பகுதி வேறொரு குரோமோசோமுடன் ஒட்டிக்கொண்டிருக்கும். அவர்களிலும் ஒரு பகுதியினருக்கே அது தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ வந்திருக்கும். உங்கள் குடும்பம் அந்தச் சிறுபான்மையைச் சேர்ந்ததாக இருந்தால், ஒட்டிய குரோமோசோம் உங்களிடமும் எந்தத் தொந்தரவும் தராமல் இருக்கக்கூடும். அப்போது வாய்ப்பு பத்து முதல் பதினைந்து சதவீதம் வரை போகலாம். இதைத் தெரிந்துகொள்ள வயிற்றிலிருக்கும் குழந்தையைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. உங்கள் கையிலிருந்து எடுக்கும் ரத்தத்தில் கேரியோடைப் என்னும் குரோமோசோம் பரிசோதனை செய்தால் போதும். அது இயல்பாக இருந்தால், அண்ணனுக்கு இருப்பது எந்த வகையானாலும் அதனால் உங்களுக்குக் கூடுதல் வாய்ப்பு எதுவும் இல்லை. "எல்லா டெஸ்டும்" என்று ஒரு பரிசோதனை உலகத்தில் கிடையாது. அண்ணனை முன்னிட்டு உங்களுக்குத் தேவைப்படுவது இந்த ஒன்றுதான்.

இனி உங்கள் கணவர் சொன்னதற்கு வருகிறேன். அவர் சொல்வதில் பாதி உண்மை. மீதிப் பாதியை விட்டுவிட்டதால் அந்த உண்மையும் கோணலாகத் தெரிகிறது. இனமேம்பாட்டியல், அதாவது யூஜெனிக்ஸ், ஹிட்லரோடு தொடங்கியதும் அல்ல, அவரோடு முடிந்ததும் அல்ல. அந்தப் பெயரை 1883இல் சூட்டியவர் டார்வினின் உறவினரான பிரான்சிஸ் கால்ட்டன். திறமையும் ஒழுக்கமும் ரத்தத்தில் இறங்குகின்றன, ஆகவே சிறந்தவர்களை அதிகம் பெறச் செய்து தாழ்ந்தவர்களைப் பெறவிடாமல் செய்தால் இனம் உயரும் என்பது அவருடைய திட்டம். உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரியாகப் பெற்றோரைவிடக் குட்டையாகவே இருக்கிறார்கள் என்று 1886இல் கணக்கெடுத்துக் காட்டியவரும் அவர்தான் என்பது வேடிக்கை. தன் கண்டுபிடிப்பே தன் கனவுக்கு இடையூறு என்பதைக் கண்டும் அவர் கனவை விடவில்லை.

அதை அலுவலகமும் படிவமும் சம்பளமும் உள்ள ஒரு துறையாக்கியது அமெரிக்கா. சார்லஸ் டேவன்போர்ட் 1910இல் நியூயார்க்கை அடுத்த கோல்ட் ஸ்பிரிங் ஹார்பரில் இனமேம்பாட்டுப் பதிவகத்தைத் தொடங்கினார். பயிற்சி பெற்ற களப்பணியாளர்கள், பெரும்பாலும் இளம்பெண்கள், வீடு வீடாகப் போய் வம்சாவளிப் படம் வரைந்தார்கள். மரபியல் ஆலோசகரான நானும் இன்று என்னிடம் வருவோரிடம் முதலில் வரைவது அதே சதுரமும் வட்டமும் கொண்ட படத்தைத்தான். வேறுபாடு, அந்தச் சதுரத்துக்குள் எதை எழுதுகிறோம் என்பதில் இருக்கிறது. அவர்கள் வறுமை, குடி, நாடோடித்தனம், நடத்தை கெட்டவள் என்றெல்லாம் எழுதினார்கள். கடற்படை அதிகாரிகளின் குடும்பங்களை ஆராய்ந்து 1919இல் டேவன்போர்ட் வெளியிட்ட நூலில், கடல்மீது கொண்ட மோகம் ஆண்களுக்கு மட்டும் இறங்கும் ஒரு மரபுப் பண்பு என்றே விளக்கினார். அந்தக் காலத்தில் பெண்களைக் கப்பலில் யார் சேர்த்துக்கொண்டார்கள் என்று அவருக்குக் கேட்கத் தோன்றவில்லை.

இது சிரித்துவிட்டுப் போகக்கூடிய தவறு. பெல்லாக்ரா விஷயத்தில் அப்படிச் சிரிக்க முடியாது. அமெரிக்கத் தெற்கு மாநிலங்களின் ஏழைகளிடையே தோல் வெடிப்பும் வயிற்றுப்போக்கும் புத்தி பேதலிப்புமாக வந்து ஆயிரக்கணக்கானோரைக் கொன்ற நோய் அது. ஒரே குடும்பத்தில் பலருக்கு வந்ததால் அதற்கு ஆளாகும் தன்மை பரம்பரையில் இருப்பதாக டேவன்போர்ட் வம்சாவளிப் படங்களை வைத்து எழுதினார். அதே ஆண்டுகளில் பொதுச் சுகாதாரத் துறை மருத்துவர் ஜோசப் கோல்ட்பெர்கர், மிசிசிப்பியின் அனாதை இல்லங்களில் சோளமாவுச் சாப்பாட்டோடு பாலும் முட்டையும் இறைச்சியும் சேர்த்துக் கொடுத்தார், நோய் மறைந்துபோனது. தொற்றும் அல்ல என்று காட்ட 1916இல் நோயாளிகளின் ரத்தத்தைத் தமக்கும் தம் மனைவிக்கும் ஊசி வழியே ஏற்றிக்கொண்டார். குறைவது நியாசின் என்னும் உயிர்ச்சத்து என்று 1937இல் தெரியவந்தது. ஒரே குடும்பத்தார் ஒரே வம்சத்தை மட்டுமா பகிர்ந்துகொள்கிறார்கள்? ஒரே அடுப்பையும் ஒரே வறுமையையும் சேர்த்துத்தானே. பரம்பரைதான் காரணம் என்று முடிவுகட்டிவிட்டால் முட்டைக்கும் பாலுக்கும் யாரும் காசு ஒதுக்க வேண்டியதில்லை. அந்தச் சித்தாந்தம் வசதி படைத்தவர்களுக்கு அவ்வளவு பிடித்துப்போனதற்கு இதுவே முக்கியக் காரணம் என்பது என் கருத்து.

இண்டியானா மாநிலம் 1907இல் முதல் கட்டாயக் கருத்தடைச் சட்டத்தை இயற்றியது. பின்னர் முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் அதைத் தொடர்ந்தன. வர்ஜீனியாவின் 1924ஆம் ஆண்டுச் சட்டம் செல்லுமா என்று சோதித்துப் பார்க்கத் தேர்ந்தெடுக்கப்பட்ட பெண்ணின் பெயர் கேரி பக். வளர்ப்புப் பெற்றோரின் உறவுக்காரன் ஒருவன் கெடுத்ததால் பதினேழு வயதில் கர்ப்பமானவர். குடும்ப மானத்தைக் காக்க அவருக்கு 'மந்தபுத்தி' என்ற பட்டம் கட்டி, அவருடைய தாய் அடைக்கப்பட்டிருந்த அதே அரசு விடுதியில் சேர்த்துவிட்டார்கள். குழந்தை விவியனுக்கு ஏழெட்டு மாதம். ஒரு சமூகப்பணியாளர் பார்த்துவிட்டு, "இயல்பாக இல்லை போலத் தோன்றுகிறது" என்ற பொருளில் சாட்சி சொன்னார். பதிவகத்தின் ஹாரி லாஃப்லின் கேரியை நேரில் பார்த்ததே இல்லை. எழுத்து வடிவில் நிபுணர் சாட்சியம் அனுப்பினார். கேரிக்காக வாதாடிய வழக்கறிஞரோ, அந்த விடுதியின் நிர்வாகக் குழுவில் முன்பு இருந்தவர். 1927இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. மூன்று தலைமுறை மூடர்கள் போதும் என்று எழுதிய நீதிபதி ஹோம்ஸ், கட்டாய அம்மை ஊசியை அனுமதிக்கும் கொள்கை கருக்குழாயை வெட்டுவதற்கும் பொருந்தும் என்றார். அந்த மூன்றாம் தலைமுறையான விவியன் பள்ளிக்குப் போய் 1931இல் சிறந்த மாணவர் பட்டியலில் இடம்பெற்றாள். அடுத்த ஆண்டு எட்டு வயதில் குடல் நோயால் இறந்தாள். கேரியின் தங்கைக்கும் அதே அறுவைச் சிகிச்சை நடந்தது, குடல்வால் அகற்றுவதாகச் சொல்லி. தனக்கு ஏன் பிள்ளை இல்லை என்பது அந்தப் பெண்ணுக்கு முதுமையில்தான் தெரிந்தது.

லாஃப்லின் எழுதிய மாதிரிச் சட்டத்தின் சாயலைக் கொண்டதுதான் 1933 ஜூலையில் ஜெர்மனி இயற்றிய சட்டம். 1936இல் ஹைடல்பர்க் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் தந்தது. (லாஃப்லினின் மாதிரிச் சட்டம் காக்காய் வலிப்பு உள்ளவர்களையும் மலடாக்கச் சொன்னது, அவருக்கே பிற்காலத்தில் அந்த நோய் வந்தது.) ஜெர்மனியில் ஒரு நீதிபதியும் இரண்டு மருத்துவர்களும் அமர்ந்த மரபுச் சுகாதார நீதிமன்றங்கள் ஏறத்தாழ நான்கு லட்சம் பேருக்குக் கருத்தடை ஆணையிட்டன. உங்கள் கணவர் மனத்தில் வைத்துப் பேசுவது அதற்கடுத்த கட்டமாக இருக்கலாம். 1939 ஆகஸ்ட் 18 அன்று வந்த அரசாணை, மூன்று வயதுக்குட்பட்ட குறைபாடுள்ள குழந்தைகளை மருத்துவரும் மருத்துவச்சியும் கட்டாயமாகத் தெரிவிக்க வேண்டும் என்றது; அந்தப் பட்டியலில் உங்கள் அண்ணனுக்கு உள்ள நிலையும் இருந்தது. படிவத்தை மூன்று நிபுணர்கள் ஒருவர் பின் ஒருவராகப் பார்த்துக் கூட்டல் குறியோ கழித்தல் குறியோ இட்டார்கள். கூட்டல் குறி என்றால் மரணம். குழந்தையை அவர்களில் ஒருவரும் பார்க்கவில்லை. பெரியவர்களுக்கான திட்டத்தில் 1941 ஆகஸ்டுக்குள் ஆறு நச்சுவாயு மையங்களில் மட்டும் எழுபதாயிரத்துக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர்.

இதெல்லாம் சர்வாதிகாரத்தில்தான் நடக்கும் என்று உங்கள் கணவர் சொன்னால், சுவீடனை நினைவூட்டுங்கள். மக்களாட்சியும் நலத்திட்டங்களும் செழித்த அந்த நாட்டில் 1934 முதல் 1970களின் நடுப்பகுதி வரை ஏறத்தாழ 63,000 பேருக்குக் கருத்தடை செய்யப்பட்டது, பெரும்பாலோர் பெண்கள்.

அந்த அறிவியல் தவறு என்று சொல்லிவிட்டால் விஷயம் முடிந்துவிடுமா? தவறுதான், கணக்கே அதைக் காட்டும். பெற்றோர் இருவரிடமிருந்தும் வந்தால் மட்டும் வெளிப்படும் ஒடுங்கு மரபு நோய் ஒன்று பத்தாயிரத்தில் ஒருவருக்கு வருவதாக வைத்துக்கொள்வோம். அதே பத்தாயிரம் பேரில் நோயே இல்லாமல் அந்த மரபணுவைச் சுமப்பவர்கள் ஏறத்தாழ இருநூறு பேர் இருப்பார்கள். நோயுள்ள ஒருவரைத் தலைமுறைதோறும் பிள்ளை பெறவிடாமல் தடுத்தாலும், அந்த மரபணுவின் அளவு பாதியாகக் குறைய நூறு தலைமுறைகள், அதாவது 2,500 ஆண்டுகள் ஆகும். சங்க காலத்தில் தொடங்கியிருந்தாலும் இன்னும் முடிந்திருக்காது. இந்தக் கணக்குக்கு அடிப்படையான விதி 1908லேயே தெரிந்திருந்தது. ஆனால் அறிவியல் தவறு என்பதையே நம் முழு வாதமாக வைத்துக்கொள்வது ஆபத்து. அன்றைக்குக் குத்துமதிப்பாகச் சொன்னதை இன்றைக்கு மரபணுவைப் படித்துத் துல்லியமாகச் சொல்ல முடிகிறது. அப்படியானால் இப்போது சரியாகிவிடுமா? கேரி பக்குக்கு உண்மையிலேயே அறிவு வளர்ச்சிக் குறைபாடு இருந்திருந்தாலும் அவருக்குச் செய்தது அநீதிதான். ஒருவருடைய உடலையும் வாழ்வையும் 'இனம்' என்ற கற்பனைக் கணக்கில் வரவாகவோ செலவாகவோ எழுதியதுதான் அடிப்படைக் குற்றம். கத்தியும் நச்சுவாயுவும் அதன் பிறகு வந்தவை.

நம் ஊரிலும் இதைப் பேசியவர்கள் உண்டு, எதிர்த்தவர்களும் உண்டு. சாதிக்குள் மணம் முடிப்பது இனத்தூய்மை காக்கும் அறிவியல் என்று வாதிட்டவர்களுக்கு, லாகூரில் நிகழ்த்த முடியாமல் போன 1936ஆம் ஆண்டு உரையில் அம்பேத்கர் பதில் எழுதினார். சாதி யாரை மணக்கக் கூடாது என்று தடுக்கிறதே தவிர, அந்தச் சாதிக்குள் தகுந்த இருவரைத் தேர்ந்தெடுப்பதே இல்லை. பிறகு எப்படி அது இனமேம்பாடு ஆகும், உட்சாதிகளும் அதற்காகவா தோன்றின, சேர்ந்து உண்ணத் தடை எதற்கு என்று அவர் கேட்டார். அதே காலத்தில் கர்ப்பத்தடையைப் பலர் நாட்டின் வறுமைக்காகவும் பிள்ளைகளின் ஆரோக்கியத்துக்காகவும் ஆதரித்தபோது, தாம் ஆதரிப்பது பெண்ணின் விடுதலைக்காக என்று பெரியார் பிரித்துச் சொன்னார். அந்த வேறுபாடு இன்றும் என் வேலையில் எனக்கு அளவுகோலாக இருக்கிறது.

ஆனாலும் 1994இல் மகாராஷ்டிரத்தின் ஷிரூரிலிருந்த அரசு இல்லத்துப் பெண்களுக்கு, மாதவிடாய்ச் சுத்தம் பார்த்துக்கொள்ளத் தெரியாது என்று காரணம் காட்டிப் புனேயில் கருப்பையை அகற்றினார்கள். 2009இல் சண்டிகர் வழக்கில், அறிவு வளர்ச்சிக் குறைபாடுள்ள ஒரு பெண்ணின் கர்ப்பத்தை அவர் சம்மதமின்றிக் கலைக்கக் கூடாது என்று சொன்ன உச்ச நீதிமன்றம், இனமேம்பாட்டுக் கொள்கை மக்களாட்சிக்கு விரோதமானது, சமத்துவ உரிமையை மீறுவது என்று வெளிப்படையாகவே எழுதியது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், சம்மதமில்லாமல் யாரையும் மலடாக்கும் சிகிச்சையைத் தடை செய்கிறது.

என் தொழிலின் பூர்வீகத்தையும் நான் மறைக்கக் கூடாது. மரபியல் ஆலோசனை என்ற பெயரை 1947இல் வழங்கிய ஷெல்டன் ரீட் பணியாற்றிய மின்னசோட்டா நிறுவனம், சார்லஸ் டைட் என்னும் மருத்துவர் இனமேம்பாட்டை வளர்க்க எழுதி வைத்த சொத்தில் உருவானது. அந்த டைட், 1933இல் ஹிட்லருக்குப் பாராட்டுக் கடிதம் எழுதியவர். ரீட் வேறு வழியில் போனார்: குடும்பத்துக்கு உண்மையைச் சொல்வது, முடிவை அவர்களிடமே விட்டுவிடுவது. லண்டனில் கால்ட்டனின் பெயரிலேயே இருந்த இனமேம்பாட்டுப் பேராசிரியர் பதவிக்கு 1945இல் வந்த லயனல் பென்ரோஸ் அந்தக் கொள்கையை வெறுத்தவர். அதற்கு முன்பே கோல்செஸ்டர் விடுதியில் 1,280 பேரை ஆராய்ந்து, அவர்களின் குறைபாடுகளுக்குக் காரணம் ஒன்றல்ல, பல என்று 1938இல் வெளியிட்டார். டவுன் சிண்ட்ரோமில் முக்கியமானது தாயின் வயது, குலமோ ஒழுக்கமோ அல்ல என்று 1933இலேயே காட்டியவரும் அவர்தான். உங்கள் பெரிய மாமனாருக்கான பதில் வந்து தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாகிறது.

ஆகவே, உங்கள் விருப்பத்தோடு நடக்கும் பரிசோதனை கேரி பக்குக்கு நடந்தது அல்ல என்று உங்கள் கணவரிடம் உறுதியாகச் சொல்லலாம். ஆனால் 'சொந்த விருப்பம்' என்ற ஒரு சொல்லால் எல்லாம் தூய்மையாகிவிடும் என்று நான் நம்பவில்லை. ஸ்கேன் பார்த்துப் பெண் கரு என்று அழித்த குடும்பங்களை எந்த அரசும் கட்டாயப்படுத்தவில்லை. அதைத் தடுக்க 1994இல் சட்டமே தேவைப்பட்டது. ஒவ்வொரு வீடும் தானாக எடுத்த முடிவு, எல்லாம் சேர்ந்தபோது ஒரு பாலினத்தையே குறைத்தது. அதேபோல, சிறப்புப் பள்ளி தொலைவில், உதவித்தொகை சொற்பம், உறவினர் வாயில் 'வித்து' என்றிருக்கும் சூழலில் ஒரு பெண் எடுக்கும் முடிவில் எவ்வளவு அவளுடையது என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். உங்கள் வீட்டில் பரிசோதனை வேண்டும் என்பவர், வேண்டாம் என்பவர் இருவருமே உங்களைக் கேட்காமல் முடிவு செய்திருக்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள்.

கடைசிக் கேள்விக்கு வருகிறேன். பரிசோதனை செய்துகொள்வது அண்ணனைப் பற்றிய தீர்ப்பு அல்ல. டவுன் சிண்ட்ரோமோடு பிறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இதயக் குறைபாடு இருக்கும் என்பதால், முன்கூட்டியே தெரிந்துகொண்டு இதய சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனையில் பிரசவத்துக்கு ஏற்பாடு செய்வதற்காகவே பரிசோதிப்பவர்கள் உண்டு. தெரிந்த பிறகு கர்ப்பத்தைத் தொடராதவர்களும் உண்டு. சட்டம் அதற்கு இடம் தருகிறது, அவர்களை நான் குற்றவாளிகளாகப் பார்ப்பதில்லை. அந்த முடிவுகளைக் கேட்கும் மாற்றுத்திறனாளிகளில் சிலர், "எங்களைப் போன்றவர்கள் வேண்டாம் என்கிறீர்களா" என்று வருந்துவதையும் நான் அற்பமாகக் கருத மாட்டேன். அந்த வருத்தத்துக்கு நியாயம் இருக்கிறது. உங்கள் அண்ணனோடு இத்தனை ஆண்டுகள் ஒரே வீட்டில் வளர்ந்த உங்களுக்கு, எந்த மருத்துவரையும்விட அவர் வாழ்க்கை எப்படிப்பட்டது என்று தெரியும். யாராவது முடிவெடுக்கச் சொல்லி நெருக்கும்போது அந்த அறிவை ஒதுக்கி வைத்துவிடாதீர்கள்.

செய்ய வேண்டியது இதுதான். கேரியோடைப் முடிவு வர இரண்டு, மூன்று வாரம் ஆகும் என்பதால் இந்த வாரமே ரத்தம் கொடுங்கள். 11 முதல் 14 வாரத்துக்குள் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் பரிந்துரைக்கும் என்.டி. ஸ்கேனும் (கருவின் பிடரியில் தேங்கும் நீரின் அளவைப் பார்ப்பது) ரத்தப் பரிசோதனையும் உங்களுக்கும் உண்டு. வேண்டாம் என்றால் மறுக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. அதில் வருவது வாய்ப்பின் அளவே. உறுதி செய்யப் பனிக்குட நீர்ப் பரிசோதனை 15, 16ஆம் வாரத்துக்குப் பின்னரே செய்யப்படும், அதற்கும் உங்கள் கையெழுத்து வேண்டும். உங்கள் கேரியோடைப் இயல்பாக இருந்தால் அண்ணனைத் தொந்தரவு செய்ய வேண்டியதே இல்லை. மாறுதல் தெரிந்து அவருக்கும் பார்க்க வேண்டி வந்தால், எதற்காக ஊசி போடுகிறார்கள் என்று அவருக்குப் புரியும்படி நீங்களே எடுத்துச் சொல்லி, அவர் சரி என்ற பிறகு அழைத்துச் செல்லுங்கள். ஆலோசனைக்கு வரும்போது கணவரை அழைத்து வாருங்கள். பெரிய மாமனார் வரவேண்டியதில்லை.